சபைக்குள் குணம் வளர: ஓராண்டுச் சிறுகுழுவை நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

தென் மாவட்டங்களிலுள்ள தென்னிந்தியத் திருச்சபையின் சபை ஒன்றில், ஆறு முதல் பத்துப் பேர் சேர்ந்து, ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு, கிறிஸ்துவின் சுபாவத்தில் வளர விரும்பினால் அதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை இந்த வழிகாட்டி சொல்கிறது. ஜெபக்குழுவுக்கோ வேதபாட வகுப்புக்கோ இது மாற்று அன்று. அங்கே கேட்டது வீட்டிலும் கடையிலும் கமிட்டிக் கூட்டத்திலும் நடக்கையாக மாற என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இங்கே பொருள்.

படிகளின் வரிசையை மாற்றாதீர்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். குழு தொடங்குகிற பலர், பிறரைத் திருத்துவதிலிருந்து தொடங்குகிறார்கள். இரண்டாம் கூட்டத்திலேயே ஒருவருடைய கோபத்தைப்பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், நான்காம் கூட்டத்துக்கு அவர் வருவதில்லை. இந்த வழிகாட்டியில் திருத்துதல் பத்தாவது படியாக வருகிறது. தன்னோடு சேர்ந்து உழைக்காதவரின், தன் வீட்டுத் துக்கத்தில் வந்து உட்காராதவரின் புத்திமதியை யாரும் மனதுக்குள் வாங்கிக்கொள்வதில்லை.

1. தொடங்கும் காலத்தைத் தேர்ந்தெடுத்தல்

உயிர்த்தெழுதல் பண்டிகைக்கு முந்தின தவக்காலமாகிய லெந்து நாட்களில் தொடங்கத்தான் எல்லாருக்கும் ஆசை வரும். அப்போது ஆலயத்தில் கூட்டம் இருக்கும், மனமும் உருகியிருக்கும். ஆனால் ஞாயிறுகளை விலக்கி எண்ணினால் லெந்து 40 நாள்தான்; உயிர்த்தெழுதல் பண்டிகை முடிந்த வாரத்தில் அந்த உற்சாகம் வடிந்துவிடும், அதோடு குழுவும் நின்றுவிடும்.

ஆகவே, பரிசுத்த ஆவியானவர் இறங்கினதை நினைவுகூரும் பென்தெகொஸ்தே பண்டிகைக்கு அடுத்த வாரத்தில் தொடங்குங்கள். அந்தப் பண்டிகை மே 10க்கும் ஜூன் 13க்கும் இடையில் வரும். அதற்குப்பின், கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் காலமாகிய அட்வெந்து வரை, ஏறத்தாழ ஆறு மாதம், திருச்சபை ஆண்டில் பெரிய பண்டிகை எதுவும் இல்லாத நீண்ட காலம் கிடைக்கிறது. பழக்கம் ஊன்றுவதற்கு இப்படிப்பட்ட சாதாரண வாரங்களே தேவை. இப்படித் தொடங்கினால், குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடும் படிக்கு நீங்கள் வரும்போது லெந்து நாட்கள் வந்திருக்கும். அதற்குத் தேவையான நம்பிக்கையும் குழுவில் வளர்ந்திருக்கும்.

சேகரத் தேர்தல் (ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைகளின் தொகுப்பே சேகரம்) அறிவிக்கப்பட்டிருக்கிற ஆண்டில் தொடங்காதீர்கள். எவ்வளவு சுத்த மனதோடு கூடினாலும், வாரந்தோறும் ஒரு வீட்டில் எட்டுப் பேர் கூடுகிறார்கள் என்றால் அது ஓட்டுக்காகத்தான் என்று ஊர் முடிவுகட்டிவிடும்.

2. அனுமதியும் ஆட்களும்

முதலில் சேகர குருவானவரைப் பார்த்துப் பேசுங்கள். என்ன செய்யப்போகிறீர்கள், யார் யார், எவ்வளவு காலம் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். சபைக்குத் தெரியாமல் நடக்கும் குழு, நாளடைவில் சபைக்கு எதிரான குழுவாக எண்ணப்படும். சில வேளைகளில் அப்படியே ஆகியும் விடும். குருவானவர் குழுவில் உட்கார வேண்டிய தேவை இல்லை. அவர் இருந்தால் எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தே பேசுவார்கள்.

ஆறு பேருக்குக் குறையாமலும் பத்துப் பேருக்கு மேற்படாமலும் சேருங்கள். மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி தம் சங்கங்களில் வகுப்புக் கூட்டங்களை அமைத்தபோது ஒரு வகுப்புக்கு ஏறத்தாழ 12 பேர் என்று வைத்தார். நம்முடைய வீடுகளின் முன்னறையையும், ஒவ்வொருவருக்கும் பேசக் கிடைக்கிற நேரத்தையும் பார்த்தால் அதிலும் குறைவானதே நல்லது.

ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் குழுக்கள் வையுங்கள். கணவர் எதிரில் மனைவியோ, மாமியார் எதிரில் மருமகளோ மனம்விட்டுப் பேசுவது நம் வீடுகளில் அரிது. அதே காரணத்தால், வட்டிக்குக் கொடுத்தவரையும் வாங்கியவரையும், முதலாளியையும் அவரிடம் வேலை பார்ப்பவரையும் ஒரே குழுவில் சேர்க்காதீர்கள்.

ஒரே தெரு, ஒரே சொந்தம், ஒரே சாதி என்று குழு அமைந்துவிடாமல் பார்த்துக்கொள்வது மிக முக்கியம். தானாக விட்டால் அப்படித்தான் அமையும். தன் இரத்த உறவுகளிடம் நீடிய பொறுமையாக இருப்பதற்கு யாருக்கும் பெரிய பயிற்சி தேவையில்லை. பக்கத்துப் பெஞ்சில் இருபது வருடம் உட்கார்ந்தும் வீட்டுக்குள் அழைக்காத ஒருவரோடு ஒரே பாயில் உட்கார்ந்து ஜெபிக்கும்போதுதான் அன்பு என்பதற்கு வேலை வருகிறது. சாதியைத் தொடாமல் ஒரு சபையில் குணத்தைப்பற்றிப் பேச முடியும் என்று நான் நம்பவில்லை.

இடத்தை வாரம் ஒரு வீடாகச் சுற்றில் விடுங்கள். கறுப்புக் காப்பியோ தேநீரோ தவிர வேறெதுவும் கொடுக்கக் கூடாது என்று முதல் நாளே தீர்மானியுங்கள். ஒரு வீட்டில் வடையும் கேசரியும் வைத்தால் அடுத்த வீட்டுக்காரர் கடன் வாங்கியாவது அதைச் செய்வார், அல்லது தன் முறை வரும் வாரத்தில் ஊருக்குப் போய்விடுவார். இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

3. உடன்படிக்கை

முதல் கூட்டத்தில் பாடம் எதுவும் வேண்டாம். நான்கு விதிகளை வாசித்து, எல்லாரும் ஒப்புக்கொண்டு, அவரவர் நோட்டில் தம் கையால் எழுதிக்கொள்ளட்டும்: இங்கே கேட்டதை, தன் மனைவியிடமோ கணவரிடமோகூட, வெளியே சொல்வதில்லை; பிறர் குற்றத்தைப் பேசாமல் தன்னைப்பற்றியே பேசுவது; கேட்காமல் புத்தி சொல்வதில்லை; வர முடியாத வாரத்தில் முன்கூட்டியே சொல்வது.

முதல் விதிக்கு ஒரு விலக்கு உண்டு, அதையும் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். ஒரு குழந்தை பாலியல் துன்பத்துக்கு உள்ளாகிறது என்று தெரியவந்தால் அதை மறைத்துவைக்கக் கூடாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படி அதை அறிந்தவர் காவல்துறையிடம் தெரிவித்தாக வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்கலாம். அதுபோல, உயிரை விட நினைப்பவரை அந்த இரவில் தனியே விடக் கூடாது. அடித்துத் துன்புறுத்தப்படுகிற பெண்ணுக்கு 181 என்ற மகளிர் உதவி எண் இருக்கிறது. இவற்றை முதலிலேயே சொல்லாமல் பின்னால் செயல்பட்டால் நம்பிக்கைத் துரோகம் என்று எண்ணுவார்கள். சொல்லிவிட்டால், துன்பத்தில் இருப்பவரே அந்த வழியாக உதவி கேட்பார்.

வாட்ஸ்அப் குழு வைத்தால் நேரம், இடம் ஆகியவற்றை அறிவிப்பதற்கு மட்டும் வையுங்கள். ஜெப விண்ணப்பம் என்ற பெயரில் ஒருவர் வீட்டுக் காரியம் ஐந்து நிமிடத்தில் துபாய்வரை போய்விடும்.

4. ஆளுக்கு ஒரு பண்பு

கலாத்தியர் 5:22, 23 வசனங்களில் அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய பொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம் என்று ஒன்பது சொல்லப்பட்டிருக்கின்றன. ஒன்பது வாரத்தில் ஒன்பதையும் முடித்துவிடலாம் என்று திட்டமிடுவதுதான் இந்தப் படியில் மிகுதியாகக் காணும் தவறு. அப்படிச் செய்தால் ஒன்பது நல்ல பிரசங்கங்கள் கிடைக்கும். நடக்கையில் எதுவும் மாறாது. ஒருவர் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, குறைந்தது நான்கு மாதம் அதிலேயே நிலைத்திருக்க வேண்டும்.

எதை எடுப்பது என்பதை அவர் தனியே தீர்மானிக்காமல் இருப்பது நல்லது. நமக்குக் குறைவாக இருப்பது எது என்று நாம் நினைப்பதும், கூட வாழ்கிறவர்கள் நினைப்பதும் பெரும்பாலும் வேறாக இருக்கும். ஆகவே வீட்டிலுள்ள ஒருவரிடமும், வேலைசெய்யும் இடத்திலுள்ள ஒருவரிடமும், "என்னிடத்தில் உங்களுக்குக் கஷ்டமாக இருப்பது எது?" என்று கேட்டுவரச் சொல்லுங்கள். கேட்டபின் விளக்கம் சொல்லாமல் நன்றி சொல்லிவிட்டு வர வேண்டும்.

பிறகு அந்தப் பண்பை ஒரு செயலாக, ஓர் இடத்தோடும் நேரத்தோடும் சேர்த்து எழுத வேண்டும். "பொறுமையாக இருப்பேன்" என்று எழுதினால் இரவில் அதைச் சோதித்துப் பார்க்க முடியாது. "மாலை ஏழு மணிக்குப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது குரலை உயர்த்த மாட்டேன்" என்று எழுதினால் முடியும். பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒருவர் தயவு என்ற பண்பை எடுத்துக்கொண்டு, "பற்று வைத்திருப்பவரிடம் மற்ற வாடிக்கையாளர் முன்பாகப் பாக்கியைக் கேட்க மாட்டேன்" என்று எழுதினார். அந்த ஒரு வரியால் அவர் காலையில் கடையைத் திறந்து இரவில் கல்லாவை எண்ணும்வரை எத்தனை தடவை தம் நாவை அடக்க வேண்டியிருந்தது என்பதை அவர் சொல்லக் கேட்டபோதுதான், தயவு எவ்வளவு கடினமான வேலை என்று அந்தக் குழுவிலுள்ள மற்றவர்களுக்குப் புரிந்தது.

5. தினசரி ஒழுங்கு

காலையில் பதினைந்து நிமிடம், இரவில் ஐந்து நிமிடம் போதும். இதற்குமேல் தொடக்கத்தில் கேட்காதீர்கள். விடியுமுன் பூக்கட்டப் போகிற பெண்ணும் இரவு ஷிப்ட் முடிந்து வருகிற ஆணும் உங்கள் குழுவில் இருக்கலாம்.

காலையில், எடுத்துக்கொண்ட பண்பைக் குறித்த ஒரே வேதபகுதியை ஒரு வாரம் முழுவதும் வாய்விட்டு வாசிக்க வேண்டும். வாசித்தபின் அன்றைக்கு அந்தப் பண்பு சோதிக்கப்படக்கூடிய இடத்தை மனதில் நினைத்து, அந்த இடத்துக்காக ஜெபிக்க வேண்டும். பொதுவான ஜெபம் நம்மை ஆலயத்திலேயே வைத்துவிடும். இந்த ஜெபம் பேருந்து நிலையத்துக்கும் அடுப்படிக்கும் கூடவே வரும்.

இரவில் நோட்டில் மூன்று வரி: இன்று எங்கே சோதனை வந்தது, என்ன செய்தேன், யாரிடம் போய்ச் சரிசெய்ய வேண்டும். மூன்றாவது வரியை விட்டுவிடுவது எளிது. அதை விட்டால் இந்த நோட்டு வெறும் நாட்குறிப்பு ஆகிவிடும்.

மதிப்பெண் போடாதீர்கள். பத்துக்கு ஏழு, பத்துக்கு எட்டு என்று போடத் தொடங்கியவர்கள் இரண்டு வழியில் கெடுகிறார்கள். நன்றாகச் செய்கிறவர், நான் மற்றவர்களைப்போல் அல்ல என்று பெருமைகொண்ட பரிசேயனுடைய ஜெபத்துக்குப் போகிறார். தவறுகிறவர் சோர்ந்து நோட்டை மூடிவிடுகிறார். உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள் என்று சொன்ன அதே மூச்சில், விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவனே என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதுகிறார். பிரயாசம் நம்முடையது, கனி அவருடையது. குழுவை நடத்துகிறவர் வாரம் ஒரு தடவையாவது இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

6. வாரக் கூட்டம்

ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் போகாதீர்கள். ஒரு கீர்த்தனை, ஒரு வேதபகுதி, ஒரு நிமிட மௌனம், பிறகு ஆளுக்கு ஐந்து நிமிடம் அந்த வாரத்தைப்பற்றிப் பேச்சு, முடிவில் ஒவ்வொருவரும் தம் வலப்பக்கத்தில் இருப்பவருக்காக ஜெபம். இவ்வளவுதான்.

நம் சபைகளில் கையில் வேதபுத்தகத்தைக் கொடுத்தவுடன் பிரசங்கம் தொடங்கிவிடுகிறது. ஐந்து நிமிடத்தில் தன்னைப்பற்றிச் சொல்ல வேண்டியவர், "இன்றைய வாலிபர்கள் எப்படி இருக்கிறார்கள் என்றால்" என்று ஆரம்பிப்பார். நடத்துகிறவர் குறுக்கிட்டு, "அண்ணாச்சி, உங்க வாரம் எப்படிப் போச்சு, அதைச் சொல்லுங்க" என்று மென்மையாகக் கேட்க வேண்டும். தொடக்கத்தில் இதற்குக் கூச்சமாக இருக்கும். இதைச் செய்யாவிட்டால் பேசத் தெரிந்த இருவர் பேச, மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

ஒருவர் பேசி முடித்தவுடன் "என்னைக் கேட்டா…" என்று தொடங்குவதையும், "எனக்கும் அப்படித்தான், போன மாசம்…" என்று பேச்சைத் தன் பக்கம் திருப்புவதையும் தடுத்துவிடுங்கள். யாக்கோபு 1:19 கேட்பதற்குத் தீவிரமாகவும் பேசுவதற்குப் பொறுமையாகவும் இருக்கச் சொல்கிறது. இந்த அறையில் அதைச் செய்து பழகுவதே ஒரு பண்பில் பயிற்சி.

பிள்ளைகள் இல்லாதவருக்காக அதைக் குறித்தும், வேலை இல்லாத வாலிபருக்காக அதைக் குறித்தும், அவர்கள் கேட்காமல் ஜெபிக்காதீர்கள். எல்லாரும் கேட்கிற அந்தக் கேள்வியிலிருந்து தப்பித்துத்தான் அவர்கள் இங்கே வந்திருப்பார்கள்.

7. சேர்ந்து உழைத்தல்

மூன்றாம் மாதத்திலிருந்து, மாதம் ஒரு தடவையாவது குழு ஒன்றாகச் சேர்ந்து கையால் செய்யும் வேலை ஒன்று இருக்க வேண்டும். பேச்சில் எல்லாரும் நல்லவர்களாகத் தெரியலாம். வெயிலில், பசியில், தூக்கமில்லாத இரவில், வேலையைப் பங்குபோடும்போது வெளிப்படுகிற குணமே உண்மையான குணம். குழு திருத்தம் பெற வேண்டியதும் அதுவே.

நம் சபைகளில் இதற்கு, சபையார் எல்லாரும் சேர்ந்து உண்ணும் விருந்தாகிய அசனத்தைவிட நல்ல இடம் இல்லை. முந்தின இரவில் வெங்காயம் உரிப்பதிலிருந்து, கத்தரிக்காய் அரிவது, விறகு அடுப்பில் அண்டாவை ஏற்றுவது, விடியற்காலையில் குருவானவர் ஜெபித்தபின் பந்தி வைப்பது, எச்சில் இலை எடுப்பது, கடைசியில் கரிபிடித்த அண்டாவைச் சாம்பல் போட்டுத் தேய்ப்பதுவரை வேலைகள் உண்டு. இவற்றில் மதிப்புள்ள வேலை கறி வாளியைப் பிடிப்பது. அது யார் கையில் இருக்கிறதோ, அவர் கரண்டி தம் சொந்தக்காரர் இலைக்கு வரும்போது ஆழமாக இறங்குகிறதா, தூக்குச்சட்டியோடு வரிசையின் கடைசியில் நிற்கிற விதவைக்கு வரும்போது மேலாகப் போகிறதா என்பதை எல்லாரும் பார்க்கிறார்கள்.

உங்கள் குழு கறி வாளியைக் கேட்க வேண்டாம். எச்சில் இலையையும் அண்டாவையும் கேட்டு வாங்குங்கள். சபையில் பெயர் பெற்றவர்களுக்கு இது தாழ்மையைக் கற்றுத்தரும். எப்போதும் அந்த வேலையே தள்ளிவிடப்படுகிறவர்களுக்கு, தங்களோடு வேறு சிலரும் குனிந்து தேய்க்கிறார்கள் என்பது பெரிய ஆறுதல். குழுவில் எப்போதும் இந்த வேலை செய்தே பழகியவர் ஒருவர் இருந்தால், அந்த ஆண்டு அவரைப் பந்தியில் உட்காரவைத்துப் பரிமாறுங்கள்.

இன்னோர் இடம் துக்கவீடு. முதல் மூன்று நாளும் கூட்டம் இருக்கும், நாற்காலியும் தேநீரும் தாராளமாக இருக்கும். இரண்டாவது வாரத்தில் ஒருவரும் வர மாட்டார்கள். அப்போது போங்கள். இறப்புச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, ரேஷன் அட்டையில் பெயர் நீக்கம், பிள்ளையின் பள்ளிக் கட்டணம் ஆகியவற்றுக்காக அந்த வீட்டுப் பெண் தனியாக அலைந்துகொண்டிருப்பார். குழுவில் விவரம் தெரிந்த இருவர் அவரோடு தாலுகா அலுவலகத்துக்குப் போய்வந்தால், ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்பது என்பது அந்த வாரத்தில் நடந்துவிடும்.

செய்த வேலையைப் படமெடுத்து நிலைத்தகவலில் வைக்கக் கூடாது. வலதுகை செய்வது இடதுகைக்குத் தெரியாதிருக்கட்டும் என்பதை அப்படியே கடைப்பிடிக்கக்கூடிய சுலபமான வழி இதுதான்.

8. ஒப்புரவாதல்

நவம்பர் தொடக்கத்தில் இந்தப் படிக்கு வாருங்கள். அட்வெந்து தொடங்கிவிட்டால் பாதி இரவுகள் கேரல் பவனியில் போய்விடும். கிறிஸ்துமஸ் திருவிருந்துக்கு முன் இது முடிந்திருக்க வேண்டும்.

மத்தேயு 5:23, 24ஐ மெதுவாக வாசியுங்கள். காணிக்கை செலுத்த வந்தவருக்குப் பிறர்பேரில் குறை இருந்தால் என்று அங்கே சொல்லப்படவில்லை. இவர்பேரில் சகோதரனுக்குக் குறை உண்டு என்று இவர் நினைவுகூர்ந்தால் என்றே சொல்லப்பட்டிருக்கிறது. ஆகவே ஒவ்வொருவரும், தம்மால் காயப்பட்ட ஒருவரின் பெயரை நோட்டில் எழுதட்டும். தம்மைக் காயப்படுத்தியவர்களின் பட்டியல் இப்போது வேண்டாம். அதைத் தொடங்கினால் இந்தப் படி முடியாது.

பெயரைக் குழுவில் சொல்ல வேண்டாம். "ஒருவரைப் பார்க்கப் போகிறேன், எனக்காக ஜெபியுங்கள்" என்பது போதும். நேரில் போக வேண்டும். தொலைபேசி வேண்டாம், ஆள் அனுப்புவதும் வேண்டாம். அவர் வீட்டுக்குப் போவது அவருக்குச் சங்கடமானால், அவர் சொல்லும் இடத்துக்குப் போக வேண்டும்.

என்ன சொல்வது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். "நான் ஏதாவது தெரியாமப் பேசியிருந்தா மன்னிச்சிருங்க" என்பது மன்னிப்புக் கேட்பதுபோலத் தெரியும். உண்மையில் எந்தக் குற்றத்தையும் அது ஒப்புக்கொள்ளவில்லை. "அண்ணாச்சி, பண்டிகைக் கணக்கு வாசிச்ச அன்னைக்கு, எல்லார் முன்னாலயும் உங்க கையைச் சந்தேகப்பட்டுப் பேசினேன். ரசீதைப் பார்க்காமலே பேசினேன். அது தப்பு. என்னை மன்னிச்சிருங்க" என்று நடந்ததை நடந்தபடி சொல்லி, அதோடு நிறுத்த வேண்டும். "ஆனா நீங்களும் அன்னைக்கு…" என்ற அடுத்த வாக்கியம் வாயில் வந்து நிற்கும். அதை விழுங்கிவிடுவதே அன்றைய இச்சையடக்கம்.

அதன்பின் அவர் பேசட்டும். சில வேளை நாற்பது நிமிடம் பேசுவார். சில வேளை, "சரி, போயிட்டு வாங்க" என்று கதவைச் சாத்திவிடுவார். இரண்டுக்கும் ஆயத்தமாகப் போக வேண்டும். மன்னிக்கும்படி அவரைக் கட்டாயப்படுத்த நமக்கு உரிமை இல்லை.

குற்றம் எத்தனை பேர் முன்பாக நடந்ததோ அத்தனை பேர் முன்பாக அதைச் சரிசெய்ய வேண்டும். கமிட்டியில் அவமானப்படுத்திவிட்டு அவர் வீட்டுத் திண்ணையில் ரகசியமாக மன்னிப்புக் கேட்டால், ஊரில் அவர்மேல் விழுந்த கறை அப்படியே இருக்கும். ஆகவே, "கமிட்டியிலயும் நான் சொல்லட்டுமா?" என்று அவரிடமே கேட்டு, அவர் விரும்பினால் சொல்ல வேண்டும். பணம் சம்பந்தப்பட்டிருந்தால் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வரி வசூலிப்பவரான சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிச் செலுத்துவதாகச் சொன்ன பிறகே அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு அறிவித்தார்.

இரண்டு எச்சரிக்கைகள். வரப்பு, வழிப்பாதை, பாகப்பிரிவினை போன்ற சொத்து வழக்குகளில் குழு பஞ்சாயத்துப் பேசக் கூடாது. அளப்பதற்கு நில அளவையர் இருக்கிறார், தீர்ப்புச் சொல்ல நீதிமன்றம் இருக்கிறது; வழக்கு நடக்கும்போதும் எதிராளியைப் பார்த்து நலம் விசாரிக்கிற மனதைக் கொடுப்பதே குழுவின் வேலை. மற்றொன்று இதைவிடப் பெரியது. "அடிக்கிற கணவரை மன்னித்து அவரிடம் திரும்பிப் போ" என்று எந்தப் பெண்ணிடமும் சொல்லாதீர்கள். மன்னிப்பது வேறு, ஆபத்துக்குள் திரும்பிப்போவது வேறு. இந்த இரண்டையும் கலந்ததினால் நம் சபைகளில் பெண்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

9. அறிக்கையிடுதல்

லெந்து தொடங்கும் சாம்பல் புதன் பிப்ரவரி 4க்கும் மார்ச் 10க்கும் இடையில் வரும். அந்த வாரத்தில் குழுவை இருவர் இருவராகப் பிரியுங்கள். உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள் என்று யாக்கோபு 5:16 சொல்வதை இருவருக்குள் செய்வது பாதுகாப்பானது. எட்டுப் பேருக்குள் செய்தால் ஒருவர் அழ, மற்றொருவர் அவரைவிடப் பெரிதாகச் சொல்ல முயல, சாட்சிக் கூட்டம்போல ஆகிவிடும்.

லெந்து முழுவதும் ஒரே இணை நீடிக்கட்டும். அறிக்கையிடுகிறவர் பாவத்தின் பெயரைச் சொன்னால் போதும், கதை தேவையில்லை. பிறருடைய பெயரை இழுக்கவும் கூடாது. கேட்கிறவர் அதிர்ச்சியைக் காட்டாமல், கேள்வி கேட்காமல், தேவனுடைய மன்னிப்பை வேதவசனத்திலிருந்து வாசித்துக் காட்டி ஜெபிக்க வேண்டும். அடுத்த வாரம் ஒரே கேள்வி: "இந்த வாரம் எப்படி இருந்தது?" குடி, சூதாட்டச் செயலி போன்ற அடிமைத்தனம் வெளிவந்தால், ஜெபத்தோடு மருத்துவரிடமும் அழைத்துப் போங்கள்.

10. திருத்துதல்

உயிர்த்தெழுதல் பண்டிகைக்குப் பிறகே இதற்கு வாருங்கள். இப்போது ஒருவர் மற்றவரைத் திருத்தினால், பத்து மாதம் தன்னோடு அண்டா தேய்த்தவர் சொல்கிறார், தன் இரகசியத்தைக் காத்தவர் சொல்கிறார் என்று கேட்பவர் அறிந்திருப்பார்.

மத்தேயு 18:15 முதலாவது, "நீயும் அவனும் தனித்திருக்கையில்" என்று சொல்கிறது. நம் வழக்கமோ பெரும்பாலும் இதைத் தலைகீழாக்கிவிடுகிறது: முதலில் ஊருக்குத் தெரியும், பிறகு கமிட்டிக்கு, பிறகு குருவானவருக்கு, கடைசியில் சம்பந்தப்பட்டவருக்கு. தனியே பேசுமுன் வேறொருவரிடம் சொல்லிவிட்டால், திருத்தும் உரிமையை அந்த நேரத்திலேயே இழந்துவிட்டதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

கலாத்தியர் 6:1 சாந்தமுள்ள ஆவியோடே சீர்பொருந்தப்பண்ணச் சொல்கிறது. அதைச் சோதிக்க எளிய வழி உண்டு. போய்ச் சொல்வதற்கு மனம் துடித்தால் ஒரு வாரம் பொறுங்கள். போகவே மனமில்லாமல் பாரமாக இருந்தால் போங்கள். பேசும்போது பார்த்த ஒரு செயலை மட்டும் சொல்லுங்கள். "நீங்க எப்பவுமே இப்படித்தான்" என்பது திருத்தம் அல்ல, தீர்ப்பு. வயதில் மூத்தவரானால், உட்கார்ந்து, நலம் விசாரித்து, "மாமா, ஒரு காரியம் கேட்கலாமா?" என்று அனுமதி பெற்றுப் பேசுவது நம் மரியாதைக்கும் உகந்தது, வேதத்துக்கும் உகந்தது, முதிர்வயதுள்ளவனைத் தகப்பனைப்போலப் பாவிக்கும்படி தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்டிருக்கிறது.

11. இடையில் தேர்தல் வந்தால்

எதிர்பாராமல் அந்த ஆண்டில் சேகரத் தேர்தலோ, சேகரங்கள் பல சேர்ந்த திருமண்டலத்தின் தேர்தலோ வந்துவிட்டால் கூட்டத்தை நிறுத்தாதீர்கள்; ஆனால் மூன்று காரியங்களை உடனே ஒப்புக்கொள்ளுங்கள். அறைக்குள் வேட்பாளர் பெயர் வரக் கூடாது. குழுவிலிருந்து ஒருவர் போட்டியிட்டால் முடிவு வரும்வரை குழுவை நடத்தும் பொறுப்பில் அவர் இருக்கக் கூடாது. வெவ்வேறு அணியில் இருப்பவர்கள் ஓட்டுப்போடும் நாளுக்கு முந்தின வாரத்தில் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட வேண்டும். மூன்றாவதைச் செய்துகாட்டிய குழு சபைக்கு எந்தப் பிரசங்கமும் கொடுக்க முடியாததைக் கொடுக்கிறது.

12. ஆண்டின் முடிவில்

தன் வளர்ச்சியைத் தானே மதிப்பிடுவதில் பயனில்லை. நான்காம் படியில் கேட்ட அதே இருவரிடம் திரும்பப் போய், "ஏதாவது மாறியிருக்கிறதா?" என்று கேட்டுவரச் சொல்லுங்கள். "கொஞ்சம்" என்று மகள் சொன்னால் தேவனுக்கு ஸ்தோத்திரம் செலுத்துங்கள். "ஒன்றும் இல்லை" என்று சொன்னால், அதே பண்போடு இன்னோர் ஆண்டு தொடரலாம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. சபையில் கஷ்டப்படுகிறவர்கள் யாரைத் தேடி வருகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். கடனில், வியாதியில், பிள்ளையின் காரியத்தில், இதுவரை யாரும் நெருங்காத ஒருவர் வீட்டுக் கதவை இந்த ஆண்டில் இரண்டு பேர் தட்டியிருந்தால், அங்கே கனி இருக்கிறது.

குழுவைப் பாதியாக உடைத்து இரண்டாக்காதீர்கள், இரண்டும் வலுவிழக்கும். இருவரை மட்டும் அனுப்புங்கள், அவர்கள் புதிதாக ஆறு பேரைச் சேர்க்கட்டும். பழைய குழு தன்னோடு இரண்டு புதியவர்களைச் சேர்த்துக்கொள்ளட்டும். போகிற இருவரில் ஒருவர் நன்றாகப் பேசுகிறவராக இல்லாமல், நன்றாகக் கேட்கிறவராக இருக்க வேண்டும். இங்கே கேட்டதை வெளியே சொல்வதில்லை என்ற விதி பிரிந்துபோகிறவர்களையும் இனிமேலும் கட்டுப்படுத்தும் என்பதை அன்றைய கூட்டத்தில் எல்லாருமாக வாசித்து உறுதிசெய்துவிட்டு, பென்தெகொஸ்தேவுக்கு அடுத்த வாரத்தில் புதிய குழுவின் முதல் கூட்டத்துக்கு நாள் குறியுங்கள்.